தொங்குகிற கதவும் அதைத் தாங்குகிற இரும்பும்

பட்டித்திரை என்று சொன்னால் உங்களில் கனபேருக்கு உடனே பிடிபடாது. ஆனால் மொன்றியலிலோ ரொறன்ரோவிலோ ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில், குளிர்களஞ்சியத்தில், மரக்கறி மொத்தக்கடையின் பின்பக்கத்தில் ஒரு கிழமை வேலை செய்திருந்தாலும் அதைத் தோளால் தள்ளிக்கொண்டு போயிருப்பீர்கள். வாசலின் மேலிருந்து நிலம்வரை தொங்குகிற, கண்ணாடி மாதிரித் தெரிகிற, ஒரு சாணுக்கு மேல் அகலமான பிளாஸ்ரிக் பட்டிகள். ஒன்றின் ஓரத்தில் மற்றது ஏறி நிற்கும். ஆள் போகும்போது விலகும், போனபின் தானாகச் சேர்ந்துகொள்ளும். போகிற வேகத்தில் முகத்தில் ஒரு அடியும் தரும்.

பிரெஞ்சில் இதற்கு 'றிடோ அ லானியேர்' என்று பெயர். லானியேர் என்றால் தோல்வார். பிளாஸ்ரிக் வந்து இவ்வளவு காலமாகியும் பெயரிலே தோல் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நாங்கள் வேலை செய்த இடத்தில் தமிழ் ஆக்கள் எல்லாரும் அதைப் 'படங்கு' என்றுதான் சொன்னோம். ஊரில் சாக்குகளைப் பிரித்துத் தைத்து மழைக்கும் வெயிலுக்கும் தொங்கவிடுகிற அதே படங்கு. "படங்கு கிழிஞ்சுபோச்சு அண்ணை" என்று யாரும் கத்தினால், அது யாழ்ப்பாணத்துக் கொட்டிலா, கனடாவின் குளிரறையா என்று கேட்கிறவனுக்குத் தெரியாது.

நான் எழுத வந்தது பட்டியைப் பற்றி மட்டுமல்ல, அது தொங்குகிற இரும்பைப் பற்றி. ஒருவரும் அண்ணாந்து பார்க்காத அந்தச் சட்டம், கொழுக்கி, தகடு, நட்டு. குளிரறை வாசலில் கனவருடம் நின்றவன் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது.

திறந்தும் இருக்க வேண்டும், மூடியும் இருக்க வேண்டும் என்கிற வாசல் பழைய பிரச்சினை. இந்தியாவில் வெள்ளைக்காரன் கோடைகாலத்தில் வெட்டிவேரால் பின்னிய தட்டியை வாசலில் தொங்கவிட்டு, அதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கச் செய்தான். சூடான காற்று ஈரவேருக்குள்ளால் புகுந்து குளிர்ந்து வாசத்தோடு உள்ளே வரும். 'தட்டி' என்ற சொல்லையே ஆங்கிலத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே இருந்த துரைக்குக் குளிர்ச்சி, வெளியே நின்று வாளியால் தண்ணீர் ஊற்றியவனுக்கு வெயில். கியூபெக்கிலே பிரச்சினை மறுவளம். இங்கே வீட்டு வாசலுக்கு முன்னால் குளிர்காலத்துக்கு மட்டும் பலகையால் ஒரு சின்னக் கூடு அடிப்பார்கள், 'தம்பூர்' என்று பெயர். மேளத்துக்கும் அதே சொல்தான். முதற்கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும், அதுதான் அதன் சூட்சுமம். பிலடெல்பியாவில் தியோபிலஸ் வான் கனல் என்பவர் 1888 இல் சுழல்கதவுக்குக் காப்புரிமை எடுத்ததும் கிட்டத்தட்ட இந்தத் தேவைக்குத்தான். எப்போதும் திறந்திருக்கிற, ஆனால் ஒருபோதும் திறக்காத கதவு.

தம்பூருக்குள்ளாலும் சுழல்கதவுக்குள்ளாலும் போர்க்லிப்ற் போகாது. இதுதான் தொழிற்சாலைக்காரருக்கு வந்த சிக்கல். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சாமான்களைப் பலகைத்தட்டில் அடுக்கிப் போர்க்லிப்றால் தூக்குகிற முறை உலகம் முழுக்கப் பரவியது. முன்பு ஒருவன் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு வருவான், தடித்த மரக்கதவைத் திறப்பான், மூடுவான். இப்போது நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு தொன் சாமானோடு வண்டி வருகிறது. இறங்கிக் கதவைத் திறந்து மூட ஓட்டுநருக்கு நேரம் கொடுக்கிற முதலாளி உண்டா? கதவைத் திறந்தபடியே விட்டார்கள்.

திறந்துவிட்ட குளிரறைக் கதவில் என்ன நடக்கும் என்று பார்க்க ஒரு கருவியும் வேண்டாம். வாசலில் நின்று கணுக்காலடியில் கையைப் பிடியுங்கள், குளிர் ஆறுமாதிரி வெளியே ஓடும். கையைத் தலைக்குமேல் உயர்த்துங்கள், வெக்கை உள்ளே போகும். குளிர்ந்த காற்றுப் பாரம் கூடியது, அது கீழால் வழியும். அது விட்ட இடத்தை நிரப்ப வெளிக்காற்று மேலால் புகும். வருகிற காற்றோடு ஈரமும் வரும். அந்த ஈரம் குளிர்க்குழாய்களில் உறைபனியாகப் படியும், உட்கூரையிலிருந்து சொட்டும், நிலத்தில் கண்ணாடிபோல உறையும். முதலாளிக்கு மின்சாரக் காசு, எங்களுக்கு இடுப்பெலும்பு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சக்திக்கு விலை ஏற ஏற முதலாவது கணக்கு எல்லாருக்கும் நன்றாக விளங்கியது. இரண்டாவது விளங்க இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது.

பட்டித்திரை இந்த இடத்தில்தான் வருகிறது. இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நடக்கிற ஆக்களுக்கு 200 மில்லிமீற்றர் அகலமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பட்டி போதும். வண்டி போகிற வாசலுக்கு 300க்கு 3. பெரிய வெளிவாசலுக்கு 400க்கு 4. மூன்று மீற்றர் உயரமும் மூன்று மீற்றர் அகலமும் உள்ள வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். 300க்கு 3 பட்டி ஒன்று ஏறக்குறைய மூன்றேகால் கிலோ. ஒன்றின்மேல் ஒன்று 100 மில்லிமீற்றர் ஏறி நின்றால் 15 பட்டி வேண்டும். மொத்தம் 50 கிலோவுக்குக் கிட்ட. அரிசி மூட்டை ஒன்றை வாசலுக்குமேல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அதுவும் சும்மா தொங்குகிற மூட்டை அல்ல. ஒவ்வொரு முறையும் போர்க்லிப்ற் அதை இழுத்துக்கொண்டு போய், கைவிட, அது திரும்பி வந்து அடிக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை!

இந்த இழுவையெல்லாம் போய் விழுவது மேலே இருக்கிற இரும்பில். பட்டி கிழிவதும் நடுவில் அல்ல, பெரும்பாலும் மேலே துளைபோட்ட இடத்தில்.

தொங்கவிடுகிற முறை பலவிதம் இருந்தாலும் நான் கையால் தொட்டது இரண்டு. ஒன்று, சட்டமுறை. வாசலின் அகலத்துக்கு ஒரு இரும்புச் சட்டம், அதில் ஒழுங்கான இடைவெளியில் புரியாணிகள் துருத்திக்கொண்டு நிற்கும். பட்டிகளின் தலைப்பில் அதே இடைவெளியில் துளைபோட்டு ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டி, மேலே ஒரு தட்டையான இரும்பை வைத்து நட்டால் இறுக்க வேண்டும். நல்ல பலம். மலிவு. குறை எங்கே என்றால், பட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதால் பக்கத்துப் பட்டிகள் ஒரே ஆணியைப் பங்குபோட்டுக்கொள்ளும். நடுவில் ஒரு பட்டி கிழிந்தால் அதை மட்டும் கழற்ற ஏலாது. ஏணி வைத்து, துருப்பிடித்த நட்டுகளை எல்லாம் கழற்றி, இரும்பை எடுத்து, மற்றப் பட்டிகளை ஒருவன் தாங்கிப் பிடிக்க, கிழிந்ததை உருவி, புதியதற்குத் துளை அடித்து... இரண்டு ஆளுக்கு அரை மணித்தியாலம். அவ்வளவு நேரமும் வாசலால் ஒருவரும் போக ஏலாது.

மற்றது கொழுக்கிமுறை. ஒவ்வொரு பட்டியின் தலைப்பையும் இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து றிவிட் அடித்துவிடுவார்கள். சுவரில் இருப்பது சீப்பு மாதிரிப் பல்லுள்ள ஒரு தண்டு. தகட்டைப் பல்லில் கொழுவினால் வேலை முடிந்தது. கிழிந்ததைத் தூக்கி எடு, புதியதைக் கொழுவு. சாவி வேண்டாம், ஒரு நிமிடமும் வேண்டாம். வண்டியின் தூண் சிக்கி மிஞ்சி இழுத்தாலும் அந்தப் பட்டி மட்டும் கழன்று விழும், சட்டம் முழுக்கச் சுவரோடு பிடுங்கிக்கொண்டு வராது.

வெளியாளுக்கு இது சின்ன வித்தியாசம். எனக்கு அப்படியில்லை. ஒரு பொருளைத் திருத்த அரை மணித்தியாலம் வேண்டுமென்றால் அது திருத்தப்படமாட்டாது. ஒரு நிமிடத்தில் திருத்தலாமென்றால் யாரோ ஒருவர் கேட்காமலே திருத்திவிடுவார். ஒரு தொழிற்சாலை தன் வேலையாட்களின் நேரத்தை எப்படி மதிக்கிறது என்று அறிய அதன் வாசலுக்கு மேலே பார்த்தாலே போதும் என்று நான் நினைப்பதுண்டு.

வேறு நுணுக்கங்களும் உண்டு. சட்டத்தைச் சுவரின் முகத்தில் பொருத்தலாம், அல்லது வாசலின் மேற்கட்டைக்கு அடியில் பொருத்தலாம். அடியில் பொருத்தினால் பார்க்க வடிவு, ஆனால் உயரம் குறையும், உயர்த்திய போர்க்லிப்ற் முதலில் முட்டுவது அதில்தான். நாகம் பூசிய இரும்பு மலிவு, ஆனால் இரவிரவாகக் குளோரீன் கலந்த தண்ணீரால் கழுவுகிற இறைச்சி அறையில் துருவேறும், துரு இறைச்சியில் விழும். அங்கே ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்தான் சரி. மாட்டையும் பன்றியையும் கொழுக்கியில் தொங்கவிட்டு மேலே தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு வருகிற இடங்களில் இன்னொரு கரைச்சல், தண்டவாளம் வாசலைக் கடக்கிற இடத்தில் திரைச்சட்டத்தை இரண்டாக வெட்டிப் பொருத்த வேண்டும். பட்டி சுருளாக வருவதால் அதற்குப் பிறவியிலேயே ஒரு வளைவு உண்டு. ஒன்றின் வளைவு உட்பக்கம், அடுத்ததன் வளைவு வெளிப்பக்கம் என்று மாற்றி மாற்றித் தொங்கவிட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று அணைத்து நிற்கும். சாதாரணப் பட்டி பிறீசருக்குச் சரிவராது, மரக்கட்டை மாதிரி விறைத்துவிடும். அதற்கென்று -40 பாகைவரை தாங்குகிற வகை தனியாக உண்டு. விலை கூட. ஆகையால் எங்கே எது தொங்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

விறைப்பதும் வளைவதும் பி.வி.சி.யின் குணம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது, அந்தக் கதையின் ஒரு துண்டு மொன்றியலிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் காரில் போகக்கூடிய இடத்தில் நடந்தது.

ஜேர்மனியில் ஒய்கன் பவுமன் என்ற இரசாயனவியலாளர் 1872 இல் வைனைல் குளோரைட் வாயு இருந்த குடுவை வெயிலில் பட்டு, உள்ளே வெள்ளையாக ஏதோ கட்டிபட்டதைக் கண்டார். ஒன்றுக்கும் உதவாத, உடைகிற பொருள். 1926 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குட்றிச் நிறுவனத்தில் வேலை செய்த வால்டோ செமன் இரும்போடு இறப்பரை ஒட்டப் பசை தேடிப்போய், அந்தப் பொருளை ஒரு கரைப்பானில் சூடாக்க, அது இறப்பர்போல வளைகிற ஒன்றாக மாறியது. பசை கிடைக்கவில்லை. ஆனால் இன்றைக்கு நாங்கள் தோளால் தள்ளுகிற பட்டியின் பிறப்பு அதுதான். வளையவைப்பது அதற்குள் கலந்திருக்கிற எண்ணெய்த்தன்மையான இரசாயனம். காலம் போக அது மெல்ல வெளியேற, பட்டி விறைத்து வெடிக்கும்.

கியூபெக்கின் ஷவினிகன் நகரம் நீர்வீழ்ச்சி மின்சாரத்தால் எழும்பிய ஊர். அந்த மின்சாரத்தை நம்பி அங்கே அலுமினியம் வந்தது, கல்சியம் காபைட் வந்தது. (ஊரில் மாம்பழம் பழுக்கவைக்கக் 'கல்லு' வைப்பார்களே, அதே காபைட்தான்.) காபைட்டிலிருந்து அசற்றிலீன், அசற்றிலீனிலிருந்து வைனைல் குளோரைட், அதிலிருந்து பி.வி.சி. 1940களிலிருந்து அங்கே பி.வி.சி. ஆலை ஓடியது. இந்த வகை ஆலைகளில் வாயு கட்டிபடுகிற பெரிய கலங்களின் உட்சுவரில் பிசின் படியும். ஒவ்வொரு தடவையும் ஒரு தொழிலாளி உள்ளே இறங்கி அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். இனிப்பான மணம் இருக்குமாம், கொஞ்சம் தலைசுற்றுமாம். அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை.

1974 தை மாதம் அமெரிக்காவில் லூயிவில் நகரத்து குட்றிச் ஆலையில் மூன்று தொழிலாளர்கள் ஒரே விதமான ஈரல் புற்றுநோயால் இறந்தது வெளியே வந்தது. அஞ்சியோசார்கோமா என்று பெயர். மிகமிக அரிதான நோய், ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றைக்கூடக் காணாமல் போகலாம். ஒரே ஆலையில் மூன்று. உலகம் முழுக்கத் தேடத் தொடங்கினார்கள். ஷவினிகனில் மட்டும் 10 பேருக்கு அந்த நோய் வந்ததென்று கியூபெக் மருத்துவ ஆய்வாளர்கள் இருவர் 1978 இல் எழுதினார்கள். ஒரு சின்ன ஊரில் 10 பேர். அமெரிக்காவில் அதுவரை தொழிலிடக் காற்றில் பத்து லட்சத்தில் 500 பங்குவரை வைனைல் குளோரைட் இருக்கலாம் என்றிருந்தது. 1974 இல் கொண்டுவந்த விதி அதை 1 பங்காகக் குறைத்தது. தொழில் படுத்துவிடும் என்று கொம்பனிகள் கத்தின. படுக்கவில்லை. கலத்தைக் கழுவ ஆளுக்குப் பதிலாக வேகமாகப் பீச்சுகிற தண்ணீர் வந்தது. அந்த யோசனை முன்னமே வந்திருக்கக் கூடாதா?

வாசலில் தொங்குகிற பட்டி அந்த நோயைத் தராது. ஆபத்து வாயுவில் இருந்தது, கட்டிபட்ட பிளாஸ்ரிக்கில் அல்ல. பட்டியைத் தொட்டவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் கலத்துக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சு பேசுகிற கியூபெக் தொழிலாளிகள், எங்களுக்கு முந்திய தலைமுறை. அந்தக் கலத்துக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு சட்டம் பிறந்தது. 1979 இல் கியூபெக் தொழிற்பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, அடுத்த வருடம் சி.எஸ்.எஸ்.ரி. என்கிற ஆணையம் வந்தது. (2016 இலிருந்து அது சி.என்.ஈ.எஸ்.எஸ்.ரி. பெயரை நீட்டுவதில் கியூபெக்காரரை வெல்ல ஆளில்லை.) அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தனக்கோ இன்னொருவருக்கோ ஆபத்தென்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் தொழிலாளி அந்த வேலையைச் செய்ய மறுக்கலாம் என்கிறது.

நான் 1987 இல் மிறபெல் விமானநிலையத்தில் வந்திறங்கியபோது அப்படி ஒரு பிரிவு எட்டு வருடமாக இருந்திருக்கிறது. எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கொத்-டே-நேஜ் அறைகளில் ஆறுபேர் எட்டுப்பேராக இருந்த பெடியளுக்குத் தெரிந்த சட்டம் அகதி வழக்குச் சட்டம் ஒன்றுதான். வழக்கு முடியும்வரை எந்தக் கொம்பனியோடும் கொழுவக்கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத விதி.

தீவின் மேற்குப் பக்கம் ஒரு குளிர்களஞ்சியத்தில் வேலை. பெயர் வேண்டாம். வாசலில் இருந்தது பழைய சட்டமுறை, நாகம் பூசியது, நட்டெல்லாம் துருவேறிக் கல்லாகிவிட்டது. பட்டிகள் மஞ்சளாகி, போர்க்லிப்ற் உரசிய கோடுகளால் பால்மாதிரி வெளிறிக் கிடந்தன. மறுபக்கத்தில் ஆள் நிற்கிறானா, பெட்டி நிற்கிறதா என்று தெரியாது. கிழிந்த இரண்டை மாற்றச் சொல்லிக் கேட்டால் சுப்பவைசர் சொன்ன பதில், "சனிக்கிழமை பார்ப்போம்." எத்தனை சனிக்கிழமை! கடைசியில் அவர் கண்ட பரிகாரம், நடுப்பட்டிகள் நாலைந்தை ஒன்றாக அள்ளிக் கயிற்றால் பக்கத்தில் கட்டிவிட்டது. பெண்பிள்ளையின் பின்னல் மாதிரி. இப்போது வாசல் நன்றாகத் தெரிந்தது. ஆனால் குளிரும் நன்றாக ஓடியது. வெளியே லொறி ஏற்றுகிற பக்கத்தில் நின்றவர்களின் காலடியில் ஈரம் உறைந்தது.

1994 மாசியில் எங்களோடு வேலை செய்த ஒருவர், வவுனியாப் பக்கத்து ஆள், என்னைவிட மூத்தவர், அந்த உறைந்த நிலத்தில் வழுக்கினார். அதே நேரம் உள்ளேயிருந்து வண்டி வந்தது. கட்டாமல் விட்ட வெளிறிய பட்டிகளுக்குப் பின்னால் அவர் விழுந்து கிடந்ததை ஓட்டுநர் காணவில்லை. ஓட்டுநரும் எங்கட ஆள்தான். கணுக்கால் இரண்டிடத்தில் உடைந்தது. உயிர் தப்பியதே பெரிய காரியம். அம்புலன்ஸ் வருமட்டும் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது, "தம்பி, இதாலை என்ரை கேஸுக்கு ஒண்டும் வராதே?" என்பதைத்தான்.

பிறகு ஆணையத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். நிலத்தைப் பார்த்தார், பட்டியைப் பார்த்தார், பிறகு ஏணி கேட்டு ஏறி அந்தத் துருப்பிடித்த நட்டுகளைப் பார்த்தார். நான் கண்டவரையில் அந்தச் சட்டத்தை அண்ணாந்து பார்த்த முதல் மேலாள் அவர்தான். அங்கே வேலை செய்த கெயிட்டிக்காரர் ஒருவர் எங்களுக்கும் அவருக்கும் நடுவில் மொழிபெயர்த்தார். பிறகு தேநீர் நேரத்தில் அவரே 12ஆம் பிரிவைப் பற்றி விரல்களால் எண்ணிக் காட்டி எங்களுக்குச் சொன்னார். ஏழு வருடம் அந்த நாட்டில் இருந்தபிறகு முதல்தடவையாக நான் அதைக் கேட்டேன்.

மூன்றாம் கிழமை புதுச் சட்டம் வந்தது. ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல், பல்லுள்ள கொழுக்கிமுறை. பொருத்த வந்தவன் காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டான். உதிரிப்பட்டிகள் ஆறு சுவரோரத்தில் கொழுவியிருந்தன. முதல் மாதத்திலேயே இரண்டைக் கழற்றி மாற்றினோம், ஒருவரையும் கேட்கவில்லை. கயிற்றைச் சுப்பவைசர் தன் மேசை இலாச்சிக்குள் வைத்திருந்தார், ஏன் என்று தெரியாது.

கால் உடைந்தவர் எட்டு மாதம் வேலைக்கு வரவில்லை. நட்ட ஈடு கிடைத்தது, வழக்கும் வென்றது, பிறகு லசாலில் வீடு வாங்கினார். கழற்றிய பழைய சட்டத்தைக் குப்பையில் போட விடாமல் யாரோ சொல்லி எடுப்பித்திருக்கிறார். கோடைகாலத்தில் அவருடைய பின்வளவுக்குப் போனால் பாவற்கொடி அதில் படர்ந்து நிற்கும். துருவைச் சுரண்டிப் பச்சைப் பெயின்ற் அடித்திருக்கிறார். "ஆணியெல்லாம் ஒரே அளவு இடைவெளி, கயிறு கட்ட வசதி தம்பி" என்பார். காய் கொஞ்சம் கைப்புக் கூட.